கடல் வேலையை யார் பார்க்கிறது? ரெண்டடித் தொட்டியிலிருந்து நாலடித் தொட்டிக்கு

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் கோர்த்தும் இருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு செம்புல ஆரம்பிக்குது.

விருதுநகர்ல எங்க வீட்டு ஹால்ல ரெண்டடி நீளத்துல ஒரு கடல் மீன் தொட்டி இருக்கு. உள்ளே ரெண்டு க்ளவுன் ஃபிஷ், ஒரு நீல டாம்சல். ஒரு ராத்திரி நான் சென்னை பஸ்ல இருக்கேன். மணி ஒண்ணு. அம்மா போன் பண்றாங்க. "ஏப்பா, கரண்டு போச்சு. உன் மீன் எல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. என்ன செய்யணும்?"

இன்வெர்ட்டர் இருக்கு. ஆனா அதுல ஃபேனும் லைட்டும் மட்டும்தான் ஓடும். தொட்டியோட பிளக் அந்த லைன்ல இல்ல. அதை மாத்தணும்னு ஆறு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தவன் நான்தான். வேற வழி தெரியாம, "ஒரு செம்பை எடுத்துத் தண்ணியை மொண்டு, கொஞ்சம் உசரத்துல இருந்து அதுக்குள்ளயே ஊத்திக்கிட்டே இருங்கம்மா"ன்னு சொன்னேன். அப்படி ஊத்துனா தண்ணியில காத்து கலக்கும்.

கரண்டு வந்தது நாலு மணிக்கு. மூணு மணி நேரம் அம்மா ஸ்டூல் போட்டு உக்காந்து மொண்டு மொண்டு ஊத்தியிருக்காங்க. க்ளவுன் ரெண்டும் பிழைச்சிடுச்சு. டாம்சல் காலையில மிதந்துச்சு.

இதுல ஒரு சங்கடம் என்னன்னா, அந்த வாரம்தான் நாலடித் தொட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம்னு இருந்தேன். அதைச் சொன்னதும் அம்மா கேட்டாங்க: "அப்ப எனக்குப் பெரிய செம்பா வாங்கித் தருவியா?"

சிரிச்சுட்டேன். ஆனா அந்தக் கேள்வி விடல. வீட்டுக்குள்ள கடல் தண்ணியை வெச்ச மனுசங்களோட வரலாற்றைத் தேடிப் படிச்சேன். அப்பதான் தெரிஞ்சது, அந்த வரலாறும் கிட்டத்தட்ட ஒரு செம்புலதான் ஆரம்பிக்குது.

ஜன்னலோரம் நின்ற பொண்ணு

1846. இங்கிலாந்தில் ஆன்னா தைன் என்று ஒரு பெண்மணி. கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பாதிரியார். டார்கீ கடற்கரைக்குப் போனவர், அங்கே பாறைகளில் ஒட்டியிருந்த பவள உயிர்களைப் பார்த்து அசந்துபோகிறார். அவற்றை லண்டனுக்குக் கொண்டுபோக ஆசை. குடுவைக்குள் உருண்டு அடிபடக்கூடாது என்று, ஊசி நூலால் ஒரு ஸ்பாஞ்சில் தைத்து எடுத்துக்கொண்டு போகிறார்.

லண்டனில் கடல் கிடையாது. கடல் தண்ணீரை வரவழைக்கலாம், ஆனால் தினமும் புதுசாக மாற்றுகிற அளவுக்குக் கிடைக்காது. ஆகவே ஒரு வழி கண்டுபிடிக்கிறார். திறந்த ஜன்னல் பக்கத்தில் நின்று, தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கும், அதிலிருந்து திரும்ப இதற்கும் ஊற்ற வேண்டும். தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம்.

ஊற்றியது அவர் இல்லை. வீட்டில் வேலை செய்த ஒரு சின்னப் பெண். இது களைப்பான வேலைதான், ஆனால் அந்தப் பெண் அதை ஒரு விளையாட்டு மாதிரி எடுத்துக்கொண்டாள் என்கிற அர்த்தத்தில் ஆன்னா தைன் பின்னால் எழுதியிருக்கிறார். அவளுடைய பெயரை எழுதவில்லை.

உலகத்தோட முதல் ஏர் பம்ப் யாருன்னு என்னைக் கேட்டா, நான் அந்தப் பொண்ணைத்தான் சொல்வேன்.

அடுத்த வருஷம் ஆன்னா தைன் தொட்டிக்குள் கடல் பாசியையும் சேர்த்தார். பாசி வெளிச்சத்தில் ஆக்சிஜன் வெளிவிடும், அதனால் ஊற்றுகிற வேலை குறையும். கடல் செய்கிற வேலையில் ஒரு பகுதி இப்போது மனுசக் கையிலிருந்து செடிக்குப் போனது.

இந்த வரலாற்றைப் படிக்கிறதுக்கு எனக்குச் சாவி மாதிரி ஆயிடுச்சு இது. கடல் சும்மா கிடக்கிற தண்ணி இல்ல. அலை காற்றைக் கலக்குது. பாக்டீரியா கழிவைத் தின்னுது. சூட்டையும் உப்பையும் ஏறாம பார்த்துக்கிறது அதோட அளவு. ஒரு கண்ணாடிப் பெட்டியில கொஞ்சம் கடலை எடுத்து வெச்சா, இந்த வேலை எல்லாம் நின்னுடும். அப்போ அதை வேற யாராவது பார்த்தாகணும். யார்?

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. இங்கிலாந்தில் கண்ணாடிக்கு வரி இருந்தது. அதை 1845இல் எடுத்துவிட்டார்கள். கண்ணாடி மலிவானது, தொட்டிகள் பெரிதாகின. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கென்றே ஒரு கட்டடம் திறந்தார்கள். அடுத்த வருஷம் ஃபிலிப் ஹென்றி காஸ் என்கிற இயற்கையியலாளர் கடல் தொட்டி வைப்பது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல் நீர் செய்கிற கணக்கையும் அவர் போட்டுக் கொடுத்தார். கடல் இல்லாத ஊர்க்காரன்கூட கடல் வைக்கலாம். இங்கிலாந்து முழுக்க அது ஒரு மோகமாகவே ஆகிவிட்டது.

அந்த மோகத்துக்குப் பில்லு வந்தது கடற்கரைக்கு. கூட்டம் கூட்டமாகப் போய்ப் பாறைக் குட்டைகளில் இருந்ததை எல்லாம் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். காஸின் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் தன் அப்பாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அப்பா நேசித்த அதே கடற்கரைகள், அப்பாவின் புத்தகங்களைப் படித்துவிட்டு வந்தவர்களாலேயே வெறிச்சோடிப் போனதை அதில் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார்.

முதல் பில்லு பேர் தெரியாத பொண்ணுக்கு. ரெண்டாவது பில்லு கடற்கரைக்கு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

மெரினாவில் ஒரு பெரிய தொட்டி

இப்போ நம்ம பக்கம் வருவோம். இந்த மோகம் நடந்து அரை நூற்றாண்டு கழித்து, மெட்ராஸ்.

அப்போது மெட்ராஸ் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வந்த ஏழு தொகுதிப் புத்தகத்தால்தான் இவரைப் பலருக்குத் தெரியும். ஆனால் இவருக்கு ஒரு கடல் பக்கமும் உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குக்குளிப்பு, கடல் உயிர்கள் பற்றியெல்லாம் நேரில் போய்ப் பார்த்து எழுதியவர்.

அவருடைய முயற்சியில் மெரினாவில் ஒரு மீன் காட்சிசாலை எழுந்தது. 1909 அக்டோபரில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 'ஆசியாவிலேயே முதல்' என்று பல இடங்களில் படிப்பீர்கள். அது சரியில்லை. டோக்கியோவின் உவேனோ விலங்குக் காட்சிசாலையில் 1882லேயே ஒன்று இருந்தது. இந்தியாவில் முதல் என்று சொன்னால் போதும். அதுவே பெரிய விஷயம்தான். பத்து வருஷம் அருங்காட்சியகம் நடத்தியது. 1919இல் மீன்வளத் துறை எடுத்துக்கொண்டது.

இருந்த இடத்தைக் கவனிங்க. கடற்கரையிலேயே. கடல் நீர்க் காட்சிசாலைக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. தண்ணி கெட்டா எதிர்ல கடல் இருக்கு. கடல் வேலையைக் கடலே பார்க்கட்டும்னு விட்டுடலாம்.

ஆனால் இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜப்பான் குண்டு போடும் என்று 1942இல் மெட்ராஸே காலியான காலம். காட்சிசாலையும் போர்க் காலத்தில் மூடப்பட்டது. பழைய பெருமை அதற்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. இன்றைக்கு மெரினாவில் நடந்தால் அப்படி ஒன்று இருந்த சுவடே தெரியாது.

எனக்கு இதுல ஒரு பாடம் இருக்கு. நூலகத்தைப் பத்து வருஷம் பூட்டி வெச்சாலும் புத்தகம் அப்படியே இருக்கும், தூசிதான் படியும். மீன் தொட்டியைப் பூட்டி வைக்க முடியாது. தினமும் ஒருத்தர் வரணும். யாரும் வராத நாள்லதான் அது எவ்வளவு பெரிய வேலைன்னு தெரியும். கரண்டு போன ராத்திரி எங்க வீட்டுல தெரிஞ்ச மாதிரி.

கடல் எங்க மாவட்டத்தில் இருந்தப்போ

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனா இது கொஞ்ச காலமாத்தான்.

1985 மார்ச் வரைக்கும் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, சாத்தூர் எல்லாமே ராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோதுதான் எங்களுக்குக் காமராஜர் பெயரில் ஒரு தனி மாவட்டம் வந்தது. பிறகு அது விருதுநகர் மாவட்டம் ஆனது. ஆக, எங்க அப்பா ஸ்கூல் படிச்ச காலத்துல, அவர் நோட்டுல வரைஞ்ச மாவட்ட மேப்ல ராமேஸ்வரம் இருந்துச்சு, மண்டபம் இருந்துச்சு, பவளப்பாறையும் இருந்துச்சு. பவளம் எங்க மாவட்டத்துப் பொருள்.

மண்டபம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 'மண்டபம் கேம்ப்' என்று ஓர் இடம். 'கேம்ப்' என்கிற வார்த்தைக்கு ஒரு வலி உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பல் ஏற்றுவதற்கு முன், நோய் இருக்கிறதா என்று பார்க்க அங்கேதான் அடைத்து வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த இடத்தின் முகம் மாறியது. 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949 முதல் மண்டபத்தில் இயங்கியது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போனாலும், மண்டபத்தில் அதன் மையம் இன்றும் இருக்கிறது.

ஆராய்ச்சியாளர்கள் கரையில் பவளத்தை எண்ணிக்கொண்டிருந்த அதே பல பத்தாண்டுகளில், கடலுக்குள் பவளத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். படகு படகாக. பவளம் என்பது கால்சியம் கார்பனேட். சுட்டால் சுண்ணாம்பு. வீடு கட்ட ஆகும், கால்சியம் கார்பைடு தொழிலுக்கு ஆகும். வெட்டியவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குப் போன கடலோர மக்கள். அவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வாங்கிய கை ஒன்று இருந்தது.

பாறை இருந்தால் அலை அதில் மோதி உடையும், பின்னாலிருக்கும் தீவுக்கு அடி விழாது. பாறை போனால் அலை நேராகத் தீவுக்கு வரும். மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள் இருந்தன. இன்று விலாங்குசல்லி நீருக்கு மேலே இல்லை. பூவரசன்பட்டியும் இல்லை. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கிற வான் தீவும் சுருங்கிப்போய், அலையைத் தடுக்கச் செயற்கைப் பாறைகள் போட்டுக் காப்பாற்ற வேண்டிய நிலைக்கு வந்தது.

1986இல் இந்தத் தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. 2001இல் பாறை கட்டும் பவளங்களையும் கடல் குதிரைகளையும் கடல் அட்டைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்? தொட்டியைப் பெருசு பண்றப்போ முதல்ல வர்ற ஆசை பவளம்தான். யாராவது "மன்னார் பீஸு, தெரிஞ்ச ஆள் மூலமா வருது"ன்னு சொன்னா, அவர் உங்களுக்கு விக்கிறது கிட்டத்தட்ட ஒரு புலிக்குட்டி. அதோட, ஒரு தீவு முன்னாடி நிக்கிற சுவர்ல இருந்து உருவுன செங்கல்.

பெருசுன்னா என்ன மாறும்?

சரி, இஞ்சினியரிங் பக்கம் வருவோம். எல்லாரும் சொல்ற அட்வைஸ்: "கடல் தொட்டி வைக்கணும்னா பெருசா வை, பெருசுதான் ஈஸி." இது எந்த அளவுக்கு உண்மை?

என் பழைய தொட்டி ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். சுமார் 57 லிட்டர். பார்த்து வெச்சிருக்கிறது நாலடி, ஒன்றரையடி, ஒன்றரையடி. சுமார் 255 லிட்டர். நீளம் ரெண்டு மடங்குதான், தண்ணி நாலரை மடங்கு.

எங்க ஊர் சித்திரை வெயில்ல தண்ணி சும்மா ஆவியாகும். ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே நிக்கும். கணக்குக்குச் சின்னதுல 50 லிட்டர், பெருசுல 250 லிட்டர்னு வெச்சுக்குவோம். கடல் நீர்ல லிட்டருக்கு 35 கிராம் உப்பு. சின்னத் தொட்டியில ரெண்டு லிட்டர் ஆவியானா உப்பு 36.5க்கு ஏறிடும். பெருசுலயும் ரெண்டே லிட்டர் போச்சுன்னா 35.3தான். ஆஹா, பெருசு ஜெயிச்சிடுச்சுன்னு தோணும். அவசரப்படாதீங்க. பெரிய தொட்டிக்கு வாய் பெருசு. சின்னதோட மேல்பரப்பு ரெண்டு சதுர அடி, பெருசுக்கு ஆறு. அதே வெயில்ல அங்க ஆறு லிட்டர் போகும். அப்போ உப்பு 35.9. நிலைமை பரவாயில்லதான், ஆனா நினைச்ச அளவுக்கு இல்ல.

பெரிய தொட்டி தப்பு பண்ண விடாதுன்னு இல்ல. தப்பைக் கவனிக்கக் கொஞ்சம் டைம் கொடுக்கும். அவ்வளவுதான். சாஃப்ட்வேர்ல பஃபர் சைஸைக் கூட்டுற மாதிரி. பக் சரியாகாது, கிராஷ் தள்ளிப்போகும்.

அப்புறம் கழிவு. மீன் வெளியேற்றுவது அம்மோனியா. அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். 1890ஐ ஒட்டிய வருஷங்களில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இதை விளக்கிக் காட்டினார். அதாவது, ஆன்னா தைன் காலத்தில் யாருக்கும் தெரியாமலேயே இந்த வேலைக்காரர்கள் தொட்டிக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவர்களை வேலைக்கு வைத்துக்கொண்டு பெரிய வெற்றி கண்ட ஒருவர் நம்ம ஆசியாக்காரர்தான். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். 1961இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் தன் முறையை எழுதினார். கடலிலிருந்து உயிர்கள் ஒட்டியிருக்கிற பாறையை அப்படியே தொட்டியில் வைப்பது, மெல்லிய காற்றுக் குமிழி விடுவது, வெயில் படும்படி வைப்பது. பெரிய ஃபில்டர் எதுவும் இல்லை. இன்றைக்கு உலகம் முழுக்க 'லைவ் ராக்' என்று சொல்கிற விஷயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. வேலையை மறுபடியும் பாறையிடமும் அதிலிருக்கிற பாக்டீரியாவிடமும் கொடுத்துவிட்டார். ஆனால் பக்கத்திலேயே கடல் இருந்த ஊர் அது. எல்லாரும் அப்படியே செய்யக் கிளம்பினால், எல்லாக் கடலிலிருந்தும் பாறை பெயர வேண்டியிருக்கும். இன்று செயற்கைப் பாறையை வைத்து, பாக்டீரியாவை அதில் மெதுவாகக் குடியேற்றுகிறார்கள். சில வாரம் பொறுமை வேண்டும்.

தொட்டி மாற்றும்போது பலர் ஏமாறுவதும் இங்கேதான். பாக்டீரியா பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. பாறையிலும் மணலிலும் ஃபில்டரிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. பழைய தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினால் வேலைக்காரர்கள் வர மாட்டார்கள். பாறையையும் ஃபில்டர் பஞ்சையும் ஈரம் காயாமல் மாற்றணும். பழைய மணலை மட்டும் கலக்கிவிடாதீங்க, வருஷக்கணக்கான அழுக்கு அதுல இருக்கு. புதுத் தொட்டி நாலரை மடங்கு பெருசுங்கிறதுக்காக முதல் வாரமே நாலரை மடங்கு மீன் விட்டா, நீங்க அனுப்புன பாக்டீரியா பழைய எண்ணிக்கைதான். தாங்காது.

தூத்துக்குடி உப்பும் சிவகாசி சிவப்பும்

"பக்கத்துலதானே தூத்துக்குடி, உப்பு வாங்கிக் கலக்கிட வேண்டியதுதானே?" சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி.

உப்பளத்தில் கடல் நீர் காயும்போது எல்லாம் ஒரே நேரத்தில் படியாது. முதலில் கால்சியம் சார்ந்த ஜிப்சம் பிரிந்துவிடும். பிறகு சோடியம் குளோரைடு, அதுதான் நம்ம உப்பு. மெக்னீசியம் கடைசித் தண்ணீரிலேயே தங்கிவிடும். ஆக, மூட்டையில் வருவது கடலின் ஒரு பகுதி மட்டும்தான். அதைக் கலக்கினால் கருவாட்டுக்கு ஆகும், க்ளவுன் ஃபிஷ்ஷுக்கு ஆகாது. அதனால்தான் எல்லாத் தாதுவும் கலந்த தனி உப்பு வாங்குகிறோம். 250 லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒன்பது கிலோ.

அந்தத் தாதுக்களில் ஒன்று ஸ்ட்ரான்சியம். கடலில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் அளவில் இருக்கிறது. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டும்போது கால்சியத்தோடு இதையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும். பவளம் வளர்க்கிறவர்கள் பாட்டிலில் வாங்கிச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள்.

சிவகாசிக்காரங்களுக்கு ஸ்ட்ரான்சியம் புதுசு இல்ல. தீபாவளி அன்னைக்கு வானத்துல பார்க்கிறீங்களே ரத்தச் சிவப்பு, அது ஸ்ட்ரான்சியம் நைட்ரேட். மணி மருந்துல போறது. வானத்துல விரிஞ்சு மறைய சில செகண்டுதான். அண்ணாந்து பார்க்கிற யாருக்கும் அந்த மருந்தைக் கலந்த கை தெரியாது. தெரியறது பெரும்பாலும் விபத்துச் செய்தி வர்ற அன்னைக்கு மட்டும்தான்.

நான் மீனையும் மனுசனையும் ஒண்ணா வைக்கல. ஆனா இந்த பெல்ட்ல பிறந்தவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அழகா ஒண்ணு தெரிஞ்சா, இதுக்குப் பின்னாடி எந்தக் கை இருக்குன்னு கேட்கிற பழக்கம். வெஸ்ட்மின்ஸ்டர் ஜன்னல்ல அந்தப் பொண்ணோட கை. மன்னார்ல கடப்பாரை பிடிச்ச கை. எங்க ஹால்ல செம்பு பிடிச்ச அம்மாவோட கை. தொட்டிக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்த என் கை இந்த லிஸ்ட்லயே இல்ல.

அப்போ என்ன முடிவு?

நாலடித் தொட்டி வாங்குறேன். ஆனா வரிசையை மாத்திட்டேன்.

முதல்ல வாங்குனது பேட்டரியில ஓடுற ஏர் பம்ப். ரெண்டாவது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தொட்டி பிளக்கை இன்வெர்ட்டர் லைன்ல சேர்த்தது. மூணாவதுதான் தொட்டி. தண்ணி மட்டுமே 260 கிலோ வரும். பாறை, ஸ்டாண்டு, கண்ணாடி எல்லாம் சேர்த்தா இன்னும் நூறு கிலோவுக்கு மேல. மாடியில வைக்கிற ஐடியாவை விட்டுட்டுக் கீழேயே சுவர் ஓரமா வைக்கிறேன்.

தண்ணி. இதுதான் எங்க ஊர்ல பெரிய கேள்வி. வீட்டு ஆர்.ஓ.வில் ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு லிட்டர் கழிவு போகும். 250 லிட்டர் சேர்க்கணும்னா 500 லிட்டருக்கு மேல கழிவு. தண்ணி வர்ற நாளை எண்ணிக்கிட்டு இருக்கிற தெருவுல இதைச் சாக்கடையில விட எனக்கு மனசு வராது. ஒரே நாள்ல நிரப்பாம, ஒன்றரை மாசத்துல கொஞ்சம் கொஞ்சமா சேர்க்கிறேன். கழிவுத் தண்ணி டிரம்ல விழுது; வீடு துடைக்க, வாசல் தெளிக்க, பாத்ரூமுக்கு. ஐப்பசி மழைக்கு அப்புறம்தான் தொட்டியே நிரம்பும். இருக்கட்டும்.

மீன். அதே ரெண்டு க்ளவுன்தான். அது ரெண்டும் பண்ணையில பொரிஞ்ச குஞ்சு. க்ளவுன் ஃபிஷ்ஷைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கிற முறையை நம்ம மண்டபத்து ஆராய்ச்சி மையத்திலேயே உருவாக்கியிருக்கிறார்கள். கடலில் பிடிக்காமல் மீன் கிடைக்கும் என்றால், காஸ் காலத்துத் தப்பைத் திரும்பச் செய்ய நமக்கு ஒரு சாக்கும் இல்லை. பவளம் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். ஸ்ட்ரான்சியம் பாட்டில் செலவும் மிச்சம். பழைய ரெண்டடித் தொட்டி சும்மா இருக்காது. எப்பவாவது புது மீன் வந்தா, நோய் இருக்கான்னு பார்க்க நாலு வாரம் தனியா வைக்கிற இடம் அதுதான்.

இன்னொண்ணு. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 வருஷங்களில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. சூட்டைச் சமாளிக்கிற வேலையில் கடலே திணறுகிறது. அவ்வளவு பெரிய தொட்டிக்கே அப்படி என்றால், நாலடி எனக்கு என்ன உத்தரவாதம் கொடுத்துவிடும்? ஆனா ஒண்ணு நடந்துச்சு. தொட்டி வெச்ச பிறகுதான் கடல் என்னென்ன வேலை பார்க்குதுன்னு எனக்குத் தெரிஞ்சது. ஒவ்வொரு வேலைக்கும் கடையில தனித்தனியா விலை கேட்டுப் பார்த்தவன் நான்.

போன ஞாயித்துக்கிழமை ஒரு டெஸ்ட் பண்ணோம். மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டுப் பார்த்தோம். ஃபேன் ஓடுச்சு, தொட்டி மோட்டாரும் ஓடுச்சு. இன்வெர்ட்டரையும் நிறுத்துனோம். பேட்டரி பம்ப் தானா ஆன் ஆகிக் குமிழி விட ஆரம்பிச்சது. அம்மா கொஞ்ச நேரம் நின்னு பார்த்தாங்க. அப்புறம் அந்தச் செம்பை எடுத்துக் கழுவி, அடுப்படியில அதோட பழைய இடத்துல வெச்சுட்டு வந்தாங்க.

"இது பேட்டரி தீர்ந்தா?"ன்னு கேட்டாங்க.

"நான் எந்திரிச்சு ஊத்துறேம்மா"ன்னு சொன்னேன்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.